ட்சுபாவைப் பார்க்கக் கற்பது: பழைய ஜப்பானிய வாள்காப்பின் உருவமும் அதைச் செய்த கையும்

ட்சுபா ஒன்று முதல்முறையாகக் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். நடுத்துளைக்குப் பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் கைபேசியில் படம் எடுத்து, அந்தப் பெயர் யாருடையது என்று தேட உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்; பல மாதங்கள் வீணாகப் போயின. பெயரைக் கடைசியாகத்தான் படிக்க வேண்டும். முதலில் துளைகள், அப்புறம் உலோகம், அப்புறம் உளிவேலை, அதன் பிறகு உருவம் சொல்லும் கதை. இவை நான்கையும் பார்த்து முடித்த பிறகு பெயரிடம் போனால், அது பொருந்துகிறதா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாளில் பூட்டியிருக்கும்போது ட்சுபாவின் இரண்டு பக்கமும் செப்பா என்ற மெல்லிய செம்பு வளையத் தகடுகள் உட்காரும். பெயர் வெட்டும் இடம் சரியாக அவற்றுக்கு அடியில் வரும். அதாவது வாளை இடுப்பில் கட்டி நடந்த சாமுராயின் ட்சுபாவில் இருந்த பெயரை எதிரே வந்தவர் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது இரும்பையும் வேலைப்பாட்டையும்தான். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

எதைப் பார்க்கிறோம்

கைப்பிடிக்கும் வாளின் அலகுக்கும் நடுவில் இருக்கும் தகடு ட்சுபா. கை வழுக்கி அலகின் மேல் போகாமல் தடுப்பது அதன் முதல் வேலை. வாளின் எடையைச் சமன் செய்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. நீண்ட வாளான கத்தானாவுக்கு உரியது சுமார் 7 முதல் 8 செ.மீ. வரை இருக்கும். குட்டை வாளான வாகிசாஷிக்கு உரியது அதைவிடச் சிறியது. எடோ காலத்தில் (1603–1868) நாட்டில் நீண்ட அமைதி நிலவியது. அதனால் ட்சுபா போர்க்கருவியின் உறுப்பு என்பதோடு, அணிந்தவரின் ரசனையைக் காட்டும் பொருளாகவும் ஆனது. 1876-இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாள்கள் பிரிக்கப்பட்டன, காப்புத் தகடுகள் தனியாகச் சந்தைக்கு வந்து, ஐரோப்பா, அமெரிக்கா என்று கப்பலேறின. இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி வாளில்லாமல் தனியாகக் கிடைப்பது இதனால்தான்.

முதல் படி: நிமிர்த்திப் பிடித்து, துளைகளைப் பார்ப்பது

நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துளை இருக்கும். வாளின் அடிப்பகுதி அதன் வழியாகக் கைப்பிடிக்குள் போகும். இதன் பெயர் நககோ-அனா. அதன் கூர்முனை மேலே வரும்படி பிடியுங்கள். கத்தானாவை வெட்டும் விளிம்பு மேல்நோக்கி இருக்கும்படி இடுப்பில் செருகுவார்கள். அதே நிலைதான் இது. கைப்பிடியைப் பார்க்கும் பக்கம் முகப்பு. முக்கியமான உருவமும், பெயர் இருந்தால் அதுவும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

இப்போது இரு பக்கமும் பாருங்கள். இடது பக்கம் பிறைவடிவில் ஒரு துளை இருந்தால் அது கொசுகா என்ற சிறு கத்திக்கு. வலது பக்கத் துளையின் வெளிவிளிம்பில் ஒரு புடைப்பு இருந்தால் அது கோகாய் என்ற கொண்டை ஊசி போன்ற கருவிக்கு. இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தத் துளை உருவத்தின் ஒரு பகுதியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனால், அது பிற்காலத்தில் வேறொரு வாளுக்காகப் போட்டது. சிலவற்றில் துளையை ஈயம் போன்ற உலோகத்தால் அடைத்திருப்பார்கள்.

நடுத்துளையைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். மேலும் கீழும் சிறு செம்புத் துண்டுகள் செருகியிருக்கிறதா? துளையைச் சுற்றி உளியால் குத்திய தழும்புகள் உண்டா? ஒரு வாளுக்குச் செய்ததை இன்னொரு வாளுக்கு மாட்டும்போது தளர்வாக இருந்தால், கொல்லர் துளையின் ஓரத்தைக் குத்தி உலோகத்தை உள்ளே தள்ளுவார், அல்லது செம்பு வைத்து இறுக்குவார். அந்தத் தழும்புகள் அது வாழ்ந்த வாழ்க்கையின் கணக்கு. ஒரு தழும்புகூட இல்லாமல் துளை சுத்தமாக இருந்தால் போலி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எடோ காலக் கடைசியிலும் மெய்ஜி காலத்திலும் வாளில் ஏறாமலே விற்கப்பட்டவை உண்டு. ஆனால் மேற்பரப்பு மிகப் பழசாகவும் துளை மிகப் புதிதாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் படி: உலோகம்

பெரும்பாலான பழைய ட்சுபாக்கள் இரும்பு. நல்ல பழைய இரும்பின் நிறம் கருமை மட்டுமல்ல. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் அடியில் பழுப்போ ஊதாவோ ஓடும். செம்மண் நிறத்தில் தூளாக உதிர்வது புதுத் துரு. இறுகிப் பளபளப்பது பழைய படலம். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிலவற்றில் மணிமணியாக, நரம்பு புடைத்தாற்போல முண்டுகள் தட்டுப்படும். இதற்குத் தெக்கொட்சு என்று பெயர், அதாவது இரும்பின் எலும்பு. கரி ஏற்றம் சீராக இல்லாத இரும்பைக் காய்ச்சி அடிக்கும்போது, கடினமான பகுதிகள் தேயாமல் இப்படி மேலே நிற்கின்றன. ஓவாரி, கனயாமா வகைகளில் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

இரும்பல்லாத உலோகங்களில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஷகுடோ என்பது செம்பில் சுமார் 3 முதல் 5 விழுக்காடு தங்கம் கலந்தது. ஷிபுஇச்சி என்றால் நான்கில் ஒன்று என்று பொருள்; செம்போடு வெள்ளி சேர்ந்தது. சென்டோகு பித்தளை போன்ற மஞ்சள் உலோகம். ஷகுடோவை வெறுமனே வார்த்தால் செம்பு போலத்தான் இருக்கும். செம்புக் களிம்பு கலந்த கரைசலில் கொதிக்கவைத்த பிறகுதான் காக்கையின் இறகு மாதிரி நீலங்கலந்த கறுப்பு வருகிறது. அந்தக் கறுப்பு மிக மெல்லிய தோல். அதனால்தான் ஷகுடோ மேல் பாலிஷ் போட்டவர்கள் ஒரே நாளில் 200 வருட வேலையைத் துடைத்தெறிந்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: வார்ப்பா, அடித்துச் செய்ததா

ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் இரும்பு ட்சுபா ஒன்று வாங்கினேன். பைன் மரத்தடியில் வீரர்கள் மோதும் காட்சி, பக்கத்தில் ஹிகோனே ஊர் சோட்டென் என்ற பெயர். வந்ததும் பத்து மடங்கு உருப்பெருக்கியை எடுத்து, வீரனின் காலுக்கும் கிளைக்கும் நடுவில் இருந்த திறப்பின் உட்சுவரைப் பார்த்தேன். தகட்டின் கனத்துக்கு நட்டநடுவில், தலைமுடி கனத்தில் ஒரு கோடு அந்தத் திறப்பைச் சுற்றி வந்தது. அடுத்த திறப்பிலும் அதே உயரத்தில் அதே கோடு. இரண்டு அச்சுகள் சேர்ந்த இடம் அது; அதாவது அடித்துச் செய்ததல்ல, அச்சில் வார்த்தது. உளியும் அரமும் போன சுவராக இருந்தால் குறுக்கே கீறல்கள் இருந்திருக்கும். எழுத்துகளின் பள்ளத்துக்கு அடியிலும் கூர்மை இல்லை. மெழுகில் விரலால் கோடு இழுத்த மாதிரி வழவழவென்று இருந்தது.

வார்ப்பைக் கண்டுபிடிக்க அந்த உட்சுவர்தான் நான் நம்பும் முதல் இடம். அப்புறம், மேற்பரப்பில் ஊசிமுனை அளவு குழிகள் கொத்தாக இருப்பது, முகத்தின் மூக்கு, கண் எல்லாம் மழுங்கியிருப்பது. நூலில் தொங்கவிட்டு லேசாகத் தட்டினால் அடித்த இரும்பு நீளமாக ஒலிக்கும், வார்ப்பு சட்டென்று அடங்கும் என்பார்கள். உதவும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன்.

நான்காம் படி: வேலைப்பாடும் பள்ளியும்

தனி ஆளின் பெயரைவிட, எந்தப் பள்ளி (ஒரே பாணியில் வேலை செய்த கைவினைஞர் வழி), எந்த ஊர் என்று சொல்வதே தொடக்கத்தில் எட்டக்கூடிய இலக்கு. பழைய இரும்பு ட்சுபாக்களில் பெயரே இல்லாதவை ஏராளம். அவற்றுக்கு நிபுணர்களும் பெரும்பாலும் பள்ளிப் பெயரைத்தான் தருகிறார்கள்.

தகட்டை வெட்டித் திறந்து உருவம் காட்டுவது சுகாஷி. உருவம் மட்டும் கோடுகளாக நிற்க, மற்றதெல்லாம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தால் ஒரு வகை. தகடு அப்படியே இருக்க, உருவம் நிழல் போலத் துளையாக இருந்தால் இன்னொரு வகை. வாள் கொல்லர்களும் கவசக் கொல்லர்களும் செய்த மிகப் பழைய எளிய தகடுகள் இரண்டாம் வகை: மெல்லிய வட்டத் தகட்டில் ஒரு சிறு பூவோ கருவியோ துளையாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் வகையில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். கியோட்டோவின் கியோ-சுகாஷியில் கோடுகள் மெல்லியவை, வளைவுகள் நளினமானவை. ஓவாரியில் (இன்றைய நகோயாப் பகுதி) உருவம் இடமும் வலமும் ஒத்து, பலமாக நிற்கும். இரும்பின் எலும்புகள் தெரியும். எடோ நகரின் அகாசகா பள்ளியை 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கியவர் ததமசா. அதில் உருவங்களுக்கு ஓட்டம் அதிகம், விளிம்பு உருண்டு வரும். சிலவற்றின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் மூன்று அடுக்கு இரும்பு சேர்த்த கோடு தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹிகோ. இன்றைய குமமோத்தோதான் அது. 1632-இல் ஹொசோகாவா குடும்பம் அங்கே ஆட்சிக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்தவரான ததஓக்கி (1563–1646) தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்யூவின் மாணவர். தேநீர் அறையின் அடக்கமான அழகை அவர் வாளுக்கும் கொண்டுபோனார். அவர் ஆதரவில் ஹயாஷி, ஹிராதா, நிஷிகாகி, ஷிமிசு என்று நான்கு வழிகள் வளர்ந்தன. ஹயாஷி மாதாஷிச்சியின் இரும்பு நனைந்த கறுப்புக் கல் மாதிரி மினுங்கும். ஷிமிசு வழியினர் (ஜிங்கோ என்றும் சொல்வார்கள்) கரடுமுரடான இரும்பில் பித்தளையால் கழுகு, பருந்து பதிப்பார்கள். ஒரே ஊர், ஒரே புரவலர், ஆனால் நான்கு கைகளும் வேறு. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் கண் நன்றாகத் திறந்துவிடும்.

இரும்பல்லாத மென்னுலோக வேலைக்கு கோட்டோ குடும்பம் அளவுகோல். முதல்வர் யூஜோ (1440–1512) ஆஷிகாகா ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) யோஷிமசாவிடம் பணியாற்றியவர். வழிவழியாக 17 தலைமுறைகள் வந்தன. அவர்கள் பாணியின் அடையாளம் நனகோ, அதாவது மீன்முட்டை: ஷகுடோ தரை முழுவதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகளை, குழிமுனை உளியால் ஒவ்வொன்றாக அடித்து வரிசைப்படுத்துவது. அதன் மேல் தங்கத்தில் சிங்கமோ டிராகனோ. பிறகு யோகோயா சோமின் (1670–1733) உளியை ஒருபக்கம் சாய்த்து வெட்டி, தூரிகை இழுத்த கோட்டின் தடிப்பையும் மெலிவையும் உலோகத்தில் கொண்டுவந்தார். அந்த உளிமுறையில் கடைசிப் பெரிய கை கனோ நட்சுஓ (1828–1898). மெய்ஜி அரசின் புதிய நாணயங்களுக்கு அச்சு வெட்டியவரும் அவரே.

ஐந்தாம் படி: உருவம் என்ன கதை சொல்கிறது

இங்கே ஒரு மரபைத் தெரிந்துகொண்டால் பாதி ட்சுபாக்கள் பேசத் தொடங்கும். அதன் பெயர் ருசு-மொயோ: ஆள் இல்லாத சித்திரம். கதாபாத்திரத்தைக் காட்டாமல், அவர் விட்டுப்போன பொருளை மட்டும் காட்டுவது. கோணல் மாணலாகப் போகும் பலகைப் பாலமும் கருநீல ஐரிஸ் பூவும் இருந்தால், அது இசே மோனோகதாரி என்ற பழைய ஜப்பானியக் கதைநூலில் வரும் எட்டுப் பாலக் காட்சி. ஊரை விட்டுப் போகும் ஒருவன் அந்தப் பூவின் பெயரின் அசைகளை வரிமுதலில் வைத்து, மனைவியை நினைத்துப் பாடுகிறான். ட்சுபாவில் அவன் இருக்க மாட்டான். சுரைக்காய்க் குடுவையும் குதிரையும் இருந்தால் சோகாரோ என்ற சித்தர். குதிரையைக் குடுவைக்குள் அடைத்து வைத்து, வேண்டும்போது வெளியே விடுபவர். அதே குடுவையோடு கெளுத்தி மீன் இருந்தால் அது வேறு கதை: வழுக்கும் மீனை வழுக்கும் குடுவையால் பிடிப்பது எப்படி என்ற ஜென் கேள்வி.

அலைகளின் மேல் முயல் ஓடினால் நமக்கு விளக்கம் தேவையில்லை. நிலவில் முயலைப் பார்த்தவர்கள் நாம். அவர்களும் அப்படியே பார்த்தார்கள். தண்ணீரில் நிலவொளி ஓடுவதுதான் அந்த முயல். தாடியும் உருண்ட விழியுமாக, போர்வைக்குள் ஒடுங்கியிருப்பவர் தருமா, அதாவது போதிதர்மர். தென்னிந்திய அரசன் ஒருவனின் மகன் என்று சீன மரபு சொல்பவர். தும்பிக்கு வெற்றிப் பூச்சி என்று பெயர் உண்டு, பின்வாங்காமல் பறக்கும் என்பதால்.

இரண்டு எச்சரிக்கைகள். தோக்குகாவா குடும்பத்தின் மூன்று இலைச் சின்னம் இருப்பதால் மட்டும் அது ஷோகுன் வீட்டுப் பொருள் ஆகிவிடாது. இன்னொன்று, சிலுவை போல ஏதாவது தெரிந்தாலே மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் ட்சுபா என்று விலை ஏற்றுவார்கள். குறுக்குக் கோடு ஜப்பானியச் சின்னங்களில் வேறு பல பொருளிலும் வரும். உருவம் ஒருபோதும் செய்தவரின் கையெழுத்தல்ல. வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி செய்ததாகச் சொல்லப்படும் கடல் அட்டை உருவத்தை அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர் நகலெடுத்திருக்கிறார்கள்.

ஆறாம் படி: இப்போது பெயர்

கையெழுத்துக்கு ஜப்பானிய மொழியில் 'மெய்' என்று பெயர். நம் காதில் அந்தச் சொல் உண்மை என்றே விழும். ஆனால் பொய்க் கையெழுத்துக்கும் அவர்களிடம் தனிச்சொல் உண்டு: கிமெய். பெயர் இல்லாதது முமெய்.

சீன எழுத்து தெரியாதவரும் மூன்று எழுத்துகளைப் படமாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மூன்று செங்குத்துக் கோடுகளும் அவற்றினூடே சிறு புள்ளிகளும் இருந்தால் அது 'ஷூ', மாகாணம். அதற்கு மேலே இருப்பது மாகாணத்தின் சுருக்கப் பெயர்: புஷூ என்றால் எடோ நகரம் இருந்த முசாஷி, சோஷூ என்றால் ஹாகி நகரம் இருந்த நகாதோ, கோஷூ என்றால் ஹிகோனே இருந்த ஓமி. இடப்பக்கம் நிற்கும் ஆள் போல இரண்டு கோடு, வலப்பக்கம் மூன்று கிடைக்கோட்டை ஒரு செங்கோடு வெட்டி, உச்சியில் ஒரு புள்ளி: அது 'ஜூ', வசிப்பவர். அதே ஆள் வடிவத்தோடு வலப்பக்கம் சீப்பின் பல் போல இருந்தால் 'சாகு', செய்தது. ஆக மேலிருந்து கீழாக, இந்த மாகாணத்தில் வசிக்கும் இன்னார் செய்தது என்று வரும். 'எச்சிசென் ஜூ கினாய் சாகு' என்பது அடிக்கடி கண்ணில் படும் நல்ல உதாரணம். பெயருக்குப் பின் எழுத்தா படமா என்று தெரியாத ஒரு சுழிப்பு இருந்தால் அது காவோ, தனி முத்திரைக் குறி.

எழுத்தை மட்டுமல்ல, வெட்டையும் பாருங்கள். உளியால் வெட்டிய கோடு தொடர்ச்சியாக ஓடாது. சின்னச் சின்ன ஆப்புகளை வரிசையாக வைத்த மாதிரி இருக்கும். பள்ளத்தின் ஓரத்தில் உலோகம் லேசாக எழும்பி நிற்கும். கை நடுங்கியதா, தயங்கியதா, பழகிய வேகத்தில் போனதா என்பதெல்லாம் அங்கே பதிந்திருக்கும். பெயரின் வேகமும் உருவத்தின் வேகமும் ஒரே கையாகத் தோன்ற வேண்டும்.

நோபுஇயே, கனேஇயே, சோட்டென் ஆகிய மூன்று பெயர்களில் ஒன்று தெரிந்தால் நிதானம் தேவை. பொய்யாக வெட்டப்பட்டவை நிறைய. சோட்டென் பாணியை ஹிகோனேயிலும் வெளியிலும் பலர் பின்பற்றி, அதே பெயரையும் போட்டார்கள். ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்களும் உண்டு. அகாசகாவின் ததடோகி அப்படி ஒரு பெயர்.

ஒப்பிட்டுப் பார்க்க நியூயார்க் மெட்ரோபாலிடன், பாஸ்டன் நுண்கலை, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் ஏராளமான படங்கள் இருக்கின்றன. விலை உயர்ந்ததை வாங்குவதாக இருந்தால், 1948-இல் தொடங்கிய ஜப்பானிய வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹோசோன், தொக்குபெட்சு ஹோசோன், ஜூயோ என்று தரம் ஏறும். சான்றிதழில் உள்ள படம் கையில் இருக்கும் தகட்டோடு தழும்புக்குத் தழும்பு ஒத்துப்போக வேண்டும்.

கை வைக்கும் முன்

கம்பித் தூரிகை, அமிலம், துரு நீக்கி எதுவும் வேண்டாம். இரும்பில் செந்துரு இருந்தால் கொம்பு அல்லது எலும்பைக் கூராகச் சீவி, அதால் மெதுவாகச் சுரண்டி, பருத்தித் துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். வாரங்கள் ஆகும், பரவாயில்லை. ஷகுடோவையும் ஷிபுஇச்சியையும் தேய்க்கவே கூடாது. விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் போதும்.

ஒரு முறை முழுதாக

போன மாதம் ஒரு நண்பர் கொண்டுவந்த தகட்டை இந்த வரிசையில் பார்த்தோம். வட்டம், 7.8 செ.மீ., நல்ல கனம். நடுத்துளையின் கீழ்முனையில் செம்பு, மேலே நான்கு உளித்தழும்புகள். பக்கத் துளைகள் இரண்டும் உருவத்தோடு சேர்ந்தே திட்டமிட்டவை, எதையும் வெட்டவில்லை. இரும்பு கறுப்பு, வெயிலில் ஊதா. விளிம்பில் இடது கீழ்ப்பக்கம் மூன்று முண்டுகள், நகத்தில் தட்டுப்பட்டன. திறப்புகளின் உட்சுவரில் அரத்தின் கீறல், வார்ப்புக்கோடு இல்லை. உருவம் சக்கரமும் இரண்டு காட்டு வாத்தும், இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றே. கியோட்டோவின் நளினம் இல்லை. அகாசகாவின் ஓட்டமும் இல்லை. ஓவாரியாக இருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது. நண்பர் தன் குறிப்பேட்டில் அளவு, எடை, தழும்புகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதி, பள்ளி என்ற இடத்தில் ஓவாரி என்று பென்சிலால் எழுதினார். செய்தவர் என்ற கட்டத்தில் முமெய் என்று பேனாவால் எழுதினார்.